ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட ஆயர்

கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன் சபையார் என்ற வேறுபாடின்றி, தமிழகத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டில் எழுந்து நின்று நிசேயா விசுவாச அறிக்கையைச் சொல்வதுண்டு. இயேசு கிறிஸ்துவுக்கும் தந்தையாகிய கடவுளுக்கும் பொருளளவில் வேறுபாடில்லை என்பது அந்த அறிக்கையின் நடுநாயகமான கூற்று. சொல்லிப் பழகிய நாவு அதை ஒரு மூச்சில் கடந்துவிடுகிறது. அந்த ஒரு கூற்றுக்காகத் தமது 45 ஆண்டு ஆயர் பணியில் ஏறத்தாழ 17 ஆண்டுகளை நாடுகடத்தலிலும் தலைமறைவிலும் கழித்த ஒருவரைப் பற்றி, அறிக்கையைச் சொல்பவர்களுள் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார்.

நிசேயா பொதுச்சங்கம் கூடி 2025-ஆம் ஆண்டோடு 1,700 ஆண்டுகள் நிறைவடைந்தன. அதையொட்டி வெளிவந்த கட்டுரைகள் பலவற்றையும் படித்தேன். பேரரசர் கான்ஸ்டன்டைனின் பெயர் இடம்பெற்ற அளவுக்கு அத்தனாசியாரின் பெயர் இடம்பெறவில்லை. சங்கத்தைக் கூட்டியவர் பேரரசர்தான். ஆனால், சங்கம் முடிந்த சில ஆண்டுகளிலேயே அதன் முடிவிலிருந்து நழுவத் தொடங்கியவரும் அவரே. முடிவைக் காத்தவர், சங்கத்தில் பேசும் உரிமைகூட இல்லாதிருந்த ஓர் இளம் திருத்தொண்டர்.

அத்தனாசியார் கி.பி. 296-க்கும் 298-க்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர் என்பர். அவர் சிறுவனாக இருந்தபோது டயக்ளீசியன் பேரரசரின் ஆணையால் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 303-இல் தொடங்கிய அந்தக் கொடுமை எகிப்தில் மிகக் கடுமையாக இருந்தது. அலெக்சாந்திரியாவின் ஆயர் பேதுரு 311-இல் தலைவெட்டப்பட்டு இறந்தார். இரண்டே ஆண்டுகளில் காலம் தலைகீழாக மாறிற்று. 313-இல் கிறிஸ்தவம் சட்ட ஏற்புப் பெற்றது, ஆலயங்கள் எழுந்தன, ஆயர்கள் அரசவைக்குள் நுழைந்தார்கள். வெளியிலிருந்து வந்த வாளைத் தாங்கி நின்ற திருச்சபை, அதன்பின் பத்தாண்டுகள் நிறைவதற்குள் தன் சொந்தக் குரு ஒருவர் எழுப்பிய கேள்வியால் இரண்டாகப் பிளந்தது.

அந்தக் குருவின் பெயர் ஆரியுஸ். அலெக்சாந்திரியாவின் பௌக்காலிஸ் என்ற பகுதி ஆலயத்துக்குப் பொறுப்பாளர். தவறான போதனை என்றதும், அதைப் போதித்தவரை ஒழுக்கங்கெட்டவராகவோ பணத்தாசை பிடித்தவராகவோ கற்பனை செய்துகொள்வது நம் இயல்பு. ஆரியுஸ் அப்படிப்பட்டவர் அல்லர். உயர்ந்த மேனி, எளிய உடை, கடுந்தவம், இனிய பேச்சு ஆகியவற்றால் மக்களைக் கவர்ந்தவர். தம் கொள்கையைப் பாட்டாக்கினார். துறைமுகத்து மாலுமிகளும் மாவு அரைப்போரும் வழிப்போக்கரும் பாடுவதற்கேற்ற மெட்டுகளில் அவர் பாட்டெழுதினார் என்கிறது பழைய வரலாறு. இறையியல் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. தம் ஆயருக்கு எதிராக ஒரு குரு இவ்வளவு பெரிய ஆதரவைத் திரட்ட முடிந்ததற்கு அந்தப் பாட்டுகளும் ஒரு காரணம்.

ஆரியுஸ் சொன்னது என்ன? கடவுள் ஒருவரே, அவர் தொடக்கமற்றவர், பிறப்பிக்கப்படாதவர். மகன் என்றால் பிறந்தவர். பிறந்தவர் என்றால் பிறப்பதற்கு முன் இல்லாதவர். ஆகவே, மகனாகிய கிறிஸ்து எல்லாப் படைப்புகளுக்கும் மேலான முதற்படைப்பு. அவர் வழியாகவே உலகம் படைக்கப்பட்டது. ஆயினும் அவரும் படைப்பே. இந்த வாதத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஒரே கடவுள் என்னும் கொள்கையைக் காப்பதாக அது தோன்றியது. கிரேக்கத் தத்துவம் பயின்றோருக்கு அது இயல்பாக இருந்தது. பழமொழி நூலில் ஞானம் தான் படைக்கப்பட்டதைக் கூறும் பகுதியை ஆரியுஸின் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மறைநூலை மறுத்து எழுந்த போதனை அன்று அது. மறைநூலை விரித்து வைத்துக்கொண்டு எழுந்த போதனை.

அத்தனாசியார் அதை எதிர்த்த விதம், தர்க்கத்துக்குத் தர்க்கம் என்பதைவிட ஆழமானது. அவருடைய கேள்வி மீட்பைப் பற்றியது. மனிதன் சாவுக்கும் சீர்குலைவுக்கும் ஆட்பட்டவன். அவனைக் கடவுளோடு இணைப்பதற்கு இன்னொரு படைப்பால் இயலுமா? தானே மற்றொருவரால் உண்டாக்கப்பட்டவர், பிறருக்கு அழியாமையை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? கடவுளின் வாக்கு மனிதனானதைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலில் ஓர் உவமை உண்டு. பலகையில் தீட்டிய உருவம் கறைபட்டு அழிந்துபோனால், அந்தப் பலகையை எறிந்துவிடுவதில்லை. யாருடைய உருவமோ அவரே மீண்டும் வந்து அமர்ந்தால்தான் அதைத் திருத்தி வரைய முடியும். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதனைச் சீர்ப்படுத்த அந்தச் சாயலுக்கு உரியவரே வரவேண்டியிருந்தது என்பது அவர் கருத்து. வந்தவர் கடவுள் அல்லர், கடவுளின் தலைசிறந்த பணியாளர் என்றால், கடவுள் மனிதனை நெருங்கவே இல்லை என்றாகிவிடும்.

இன்னொரு வாதமும் அவரிடம் இருந்தது; எளிய மக்களுக்குப் புரிந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் தொடக்கம் முதலே கிறிஸ்துவை வணங்கி வருகிறார்கள். அவர் பெயராலும் திருமுழுக்குப் பெறுகிறார்கள். அவர் படைப்பு என்றால் இந்த வணக்கம் முழுவதும் சிலை வணக்கத்துக்கு ஒப்பானது. ஒன்று, வழிபாட்டை நிறுத்த வேண்டும். அல்லது போதனையைத் திருத்த வேண்டும். மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து காட்டிய வழிபாட்டையே அவர் சான்றாக நிறுத்தினார். அவருடைய வாதங்களுள் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாந்தர், எகிப்து, லிபியா ஆயர்களைக் கூட்டி ஆரியுஸைச் சபைநீக்கம் செய்தார். ஆரியுஸ் கிழக்கே சென்று ஆதரவு தேடினார். பேரரசின் அன்றைய தலைநகராக விளங்கிய நிக்கோமீடியாவின் ஆயர் யூசேபியஸ் அவருக்குத் துணைநின்றார். கான்ஸ்டன்டைனுக்கு இந்தச் சச்சரவு எரிச்சலூட்டியது. அற்பமான ஒன்றுக்காக ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்ற பொருள்பட இரு தரப்புக்கும் மடல் எழுதினார். அது பயன் தராதபோது, 325-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஏரிக்கரை ஊர் அது. 318 பேர் கூடினர் என்பது மரபு. அவர்களுள் சிலர் முந்தைய கொடுமைக் காலத்தின் தழும்புகளை உடலில் தாங்கியிருந்தார்கள். தம் ஆயருக்குத் துணையாக அத்தனாசியாரும் சென்றார்.

மகனும் தந்தையும் ஒரே சாரம் உடையவர்கள் என்பதைக் குறிக்க ஹோமோஊசியோஸ் என்ற கிரேக்கச் சொல்லைச் சங்கம் ஏற்றது. விவிலியத்தில் இல்லாத சொல் என்று பலர் தயங்கினார்கள். ஆனால், விவிலியத்தில் உள்ள எந்தச் சொல்லை முன்வைத்தாலும் ஆரியுஸின் தரப்பினர் அதற்குத் தங்களுக்கு ஏற்ற பொருளைக் கொடுத்து ஒப்புக்கொண்டார்கள் என்று அத்தனாசியார் பின்னாளில் எழுதினார். நழுவ முடியாத சொல் ஒன்று தேவைப்பட்டது. லிபிய ஆயர் இருவர் மட்டுமே கடைசிவரை ஒப்பமிட மறுத்தார்கள். அவர்களும் ஆரியுஸும் பேரரசரின் ஆணையால் நாடுகடத்தப்பட்டார்கள்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். போதனையைத் தவறென்று தீர்ப்பதற்குத் திருச்சபைக்கு உரிமை உண்டு. தன் மேடையில் யார் பேசலாம் என்பதை முடிவு செய்யவும் உரிமை உண்டு. அந்தத் தீர்ப்பை நிறைவேற்றப் பேரரசின் காவலரை அழைத்தது வேறு கதை. ஆரியுஸை ஏற்றிச் சென்ற அதே வண்டி, பத்தே ஆண்டுகளில் அத்தனாசியாரின் வாசலில் வந்து நின்றது. கொள்கையை அரசாணை காக்கும் என்றால், அதே ஆணை மறுநாள் அதை மாற்றவும் செய்யும். நிசேயாவில் கூடிய ஆயர்களுள் இதை அன்றே உணர்ந்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தனாசியாரும் அப்போது உணரவில்லை.

328-இல் அலெக்சாந்தர் இறந்தார். அத்தனாசியார் ஆயரானார். முப்பது வயதுகூட நிரம்பாதவர், தேர்தல் முறைகேடானது என்று எதிரிகள் குற்றம் சாட்டினர். எகிப்திலேயே அவருக்கு ஒரு பகை காத்திருந்தது. கொடுமைக் காலத்தில் விசுவாசத்தை மறுத்து, பின்னர் மனம் வருந்தித் திரும்பியோரை எளிதில் சேர்க்கக்கூடாது என்று பிரிந்துபோன மெலீத்தியர் என்ற பிரிவினர், நைல் ஆற்றங்கரை முழுவதும் தங்கள் ஆயர்களை வைத்திருந்தார்கள். ஆரியுஸின் கொள்கைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. ஆனால், எதிரி ஒருவரே என்பதால் இரு தரப்பும் கைகோத்தன.

335-இல் தீரு நகரில் ஆயர்களின் விசாரணை மன்றம் கூடியது. அத்தனாசியார் மீது கொள்கைக் குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நிசேயாவை நேரடியாகத் தாக்க இன்னும் யாருக்கும் துணிவில்லை. ஆகவே கொலை, வன்முறை, புனிதக் கிண்ணத்தை உடைத்தது என்று குற்றச்சாட்டுகள் வந்தன. அர்செனியஸ் என்ற மெலீத்திய ஆயரைக் கொன்று, மந்திரவாதத்துக்காக அவர் கையை வெட்டி எடுத்தார் என்று ஒரு கையையே பெட்டியில் வைத்துக் காட்டினார்களாம். கொல்லப்பட்டவர் உயிரோடு ஒளிந்திருந்ததை அத்தனாசியாரின் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். போர்வை போர்த்திய ஒருவரை மன்றத்துக்குள் அழைத்து வந்து, முதலில் ஒரு கையையும் பிறகு மறு கையையும் வெளியே காட்டச் செய்து, மூன்றாவது கை எங்கிருந்து வெட்டப்பட்டது என்று அத்தனாசியார் கேட்டதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் சுவைபடச் சொல்கிறார்கள். மன்றம் சிரித்திருக்கலாம், ஆயினும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது.

இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்வது புனிதர் வரலாறு எழுதுவோரின் வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. லண்டனில் பாதுகாக்கப்படும் ஒரு பாப்பிரஸ் மடல் 1924-இல் அச்சில் வெளிவந்தது. 335-ஆம் ஆண்டுவாக்கில் மெலீத்தியர் ஒருவர் தம் நண்பர்களுக்கு எழுதிய தனிப்பட்ட மடல் அது. அத்தனாசியாரின் ஆதரவாளர்கள் படைவீரர்களோடு வந்து தங்கள் தரப்பினரை அடித்து நொறுக்கியதையும், ஆயர் ஒருவரும் குருக்களும் அடைத்து வைக்கப்பட்டதையும் அது சொல்கிறது. தீரு நகருக்குப் போவதா வேண்டாமா என்று அத்தனாசியார் தவித்ததையும் அது பதிவு செய்திருக்கிறது. மூட்டை முடிச்சுகளைக் கப்பலில் ஏற்றுவதும் திரும்ப இறக்குவதுமாக இருந்தாராம். எழுதியவர் எதிர்த் தரப்பினர்; மிகைப்படுத்தியிருக்கக் கூடும். ஆனால், வெளியிடும் நோக்கமின்றி எழுதப்பட்ட மடலுக்கு ஒரு நம்பகத்தன்மை உண்டு. தம் நகரத்தில் தம் அதிகாரத்தை நிலைநாட்ட இளம் ஆயர் கடுமையான வழிகளை அனுமதித்தார் என்றே நான் கருதுகிறேன். போதனை சரியாக இருப்பதால் போதகரின் கை சுத்தமாகிவிடுவதில்லை.

தீர்ப்புக்கு முன்பே அவர் தீருவிலிருந்து படகேறிக் கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்று, குதிரையில் வந்துகொண்டிருந்த பேரரசரை நடுத்தெருவில் மறித்து நீதி கேட்டார். கான்ஸ்டன்டைன் முதலில் இரங்கினார். உடனே எதிரிகள் கிண்ணத்தையும் வெட்டிய கையையும் விட்டுவிட்டுப் புதிய குற்றச்சாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: அலெக்சாந்திரியாவிலிருந்து தலைநகருக்கு வரும் தானியக் கப்பல்களை நிறுத்திவிடுவதாக அத்தனாசியார் மிரட்டினார் என்பது அது. தலைநகரின் சோறு எகிப்தின் கோதுமை. இறையியலில் அசையாத பேரரசர் இதில் அசைந்தார். விசாரணையின்றி அத்தனாசியார் மேற்கே, இன்று ஜெர்மனியில் உள்ள ட்ரியர் நகருக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு, திருச்சபையில் மீண்டும் ஏற்கப்படவிருந்த தறுவாயில் ஆரியுஸ் தலைநகரில் திடீரென இறந்தார். அதைக் கடவுளின் தீர்ப்பாக அத்தனாசியார் எழுதிவைத்தார். அவர் எழுதியவற்றுள் நான் விரும்பிப் படிக்காத பக்கங்கள் அவை. 337-இல் கான்ஸ்டன்டைனும் இறந்தார். மரணப்படுக்கையில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆரியுஸின் நண்பரான அதே நிக்கோமீடியா யூசேபியஸ்.

அத்தனாசியார் திரும்பி வந்தார். இரண்டு ஆண்டுகளும் நிறையவில்லை, 339-இல் படைபலத்தோடு கப்பதோக்கியாவைச் சேர்ந்த கிரகோரி என்பவர் அவர் இருக்கையில் அமர்த்தப்பட்டார். அத்தனாசியார் ரோமுக்குச் சென்றார். ரோம் ஆயர் ஜூலியஸ் அவரைக் குற்றமற்றவர் என்று ஏற்றுக்கொண்டார். 343-இல் கிழக்கு, மேற்கு ஆயர்களை ஒன்றுசேர்க்க முயன்ற சர்திக்கா சங்கம், இரு பகுதியாருடைய பிளவை உறுதிப்படுத்தியதோடு சரி. 346-இல் அவர் ஊர் திரும்பியபோது அலெக்சாந்திரியா திரண்டு வரவேற்றது. அடுத்த பத்தாண்டுகள்தாம் அவர் வாழ்வில் ஓரளவு அமைதியான காலம்.

353-இல் கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் முழுப் பேரரசுக்கும் தனியாளுநர் ஆனார். தந்தையைப்போல இவருக்கும் வேண்டியிருந்தது ஒற்றுமை; அதற்குத் தடையாக இருந்தது ஓர் ஆயரின் பிடிவாதம். 355-இல் மிலான் நகரில் மேற்கத்திய ஆயர்களைக் கூட்டி, அத்தனாசியாரைக் கண்டித்து ஒப்பமிடச் செய்தார். மறுத்தவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். ரோம் ஆயர் லிபேரியுஸ் மறுத்து, நாடுகடத்தப்பட்டு, பிறகு மனந்தளர்ந்து பணிந்தார். நிசேயா சங்கத்தை முன்னின்று நடத்திய, நூறு வயதை நெருங்கிய ஸ்பெயின் நாட்டு ஆயர் ஓசியுஸும் அடைத்து வைக்கப்பட்டு, ஆரியுஸுக்குச் சார்பான ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டார். அந்த முதியவரை யார் குறை சொல்ல முடியும்?

356-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு, அலெக்சாந்திரியாவின் தெயோனாஸ் ஆலயத்தில் மக்கள் கண்விழித்து வேண்டிக்கொண்டிருந்தபோது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். அத்தனாசியார் இருக்கையைவிட்டு எழவில்லை. திருத்தொண்டரைத் திருப்பாடல் ஒன்றைப் படிக்கச் செய்து, மக்களைப் பல்லவி பாடச் சொன்னார். கதவுகள் உடைந்தன, அம்புகள் பாய்ந்தன, மிதிபட்டும் வெட்டுண்டும் பலர் மடிந்தார்கள். மக்கள் வெளியேறும்வரை நகர மாட்டேன் என்று இருந்தவரைத் துறவிகள் தூக்கிக்கொண்டு இருளில் மறைந்தார்கள். அதன்பின் ஆறு ஆண்டுகள் அரசின் ஒற்றர்களால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எகிப்தின் பாலைநிலத்தில் ஆயிரக்கணக்கான துறவிகள் வாழ்ந்த காலம் அது. பெரும்பாலோர் காப்டிக் மொழி பேசிய உழவர் குடியினர். அவர்கள் அவரைக் குகையிலிருந்து குகைக்கு, மடத்திலிருந்து மடத்துக்கு மாற்றிக் காத்தார்கள். காட்டிக்கொடுத்தால் பரிசு உண்டு என்று தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒளிந்திருந்தபடியே அவர் எழுதிக் குவித்தார். அக்காலத்தையொட்டி எழுதப்பட்டதுதான் துறவி அந்தோனியாரின் வரலாறு. தமிழகத்தின் பல சிற்றூர்களில் வனத்து அந்தோனியார் என்று ஆலயம் எழுப்பி நாம் வணங்குகிறோமே, அதே அந்தோனியார். அவரைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அத்தனாசியாரின் அந்த நூலிலிருந்து வந்ததுதான்.

359-இல் கான்ஸ்டான்டியஸ் இறுதி அடி கொடுத்தார். மேற்கே அரிமினும் நகரில் நானூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள். கிழக்கே செலூக்கியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர். சாரம் என்ற பேச்சே வேண்டாம், மகன் தந்தையைப் போன்றவர் என்று சொன்னால் போதும் என்ற மழுப்பலான அறிக்கையில் அவர்கள் ஒப்பமிட வைக்கப்பட்டார்கள். எந்த வகையில் போன்றவர் என்ற கேள்விக்கு விடை இல்லை. தெளிவான தவறைவிட எல்லோரும் தத்தம் பொருளில் ஒப்புக்கொள்ளக்கூடிய மழுப்பல்தான் ஆபத்தானது என்று அத்தனாசியார் கருதினார். ஆட்சியாளர்களுக்குப் பிடித்தது எப்போதும் அந்த மழுப்பலே. எண்ணிக்கைப்படி பார்த்தால் நிசேயா அன்றோடு முடிந்துவிட்டது.

அப்போதுதான் அத்தனாசியாரின் வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் நிகழ்கிறது. கிழக்கத்திய ஆயர்களுள் ஒரு பெரும்பகுதியினர் ஆரியுஸின் கொள்கையையும் ஏற்கவில்லை. ஹோமோஊசியோஸ் என்ற சொல்லுக்கும் அஞ்சினார்கள். தந்தை வேறு, மகன் வேறு என்ற வேறுபாட்டையே அந்தச் சொல் அழித்துவிடுமோ என்பது அவர்கள் அச்சம். ஆகவே ஹோமோயூசியோஸ், அதாவது ஒத்த சாரம் என்றார்கள். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஓர் எழுத்துக்காக உலகமே சண்டையிட்டது என்று பிற்காலத்தில் கிப்பன் போன்றோர் கேலி செய்தார்கள். அத்தனாசியார் அவர்களை எப்படி நடத்தினார் என்பதைக் கேலி செய்தவர்கள் கவனிக்கவில்லை. மகன் படைப்பு அல்லர், தந்தையின் சாரத்திலிருந்து வந்தவர் என்று ஒப்புக்கொள்பவர், சொல்லில் மட்டும் தயங்கினால் அவரை எதிரியாக அல்லாமல் உடன்பிறப்பாக நடத்த வேண்டும் என்று பாலைநிலத்திலிருந்தே எழுதினார். அவர்தாமே தொடக்க ஆண்டுகளில் அந்தச் சொல்லை மிக அரிதாகவே கையாண்டவர். சொல் அவருக்கு வேலி. வேலிக்குள் இருக்கும் பயிர்தான் முக்கியம்.

361-இல் கான்ஸ்டான்டியஸ் இறந்தார். பழைய தெய்வங்களுக்குத் திரும்பிய ஜூலியன் பேரரசரானார். நாடுகடத்தப்பட்ட ஆயர்கள் எல்லோரும் ஊர் திரும்பலாம் என்று அவர் அறிவித்தார். திரும்பி வந்தால் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள் என்ற கணக்கு அதில் இருந்ததாகச் சொல்வர். 362 பிப்ரவரியில் அத்தனாசியார் திரும்பினார். அடித்துக்கொள்ளவில்லை. இருபது பேர் அளவில் கூடிய ஒரு சிறு சங்கத்தை அலெக்சாந்திரியாவில் நடத்தினார். அந்தியோக்கியா திருச்சபையில் நிசேயாவை ஏற்றுக்கொண்டவர்களே இரு பிரிவாகப் பிரிந்து கிடந்தார்கள். கடவுளில் மூன்று ஹிப்போஸ்தாசிஸ் என்றது ஒரு பிரிவு; ஒன்றுதான் என்றது மற்றொன்று. ஒருவரையொருவர் தப்பறைக்காரர் என்று தூற்றினார்கள். அத்தனாசியார் தலைமையில் சங்கம் செய்தது மிக எளிய ஒன்று: இரு தரப்பினரையும் தனித்தனியே அழைத்து, அந்தச் சொல்லால் நீங்கள் குறிப்பது என்ன என்று கேட்டது. மூன்று என்றவர்கள் மூன்று கடவுளரைக் குறிக்கவில்லை; ஒன்று என்றவர்கள் மகனையும் ஆவியையும் மறுக்கவில்லை. ஒரே சொல்லை இருவரும் இருவேறு பொருளில் கையாண்டிருந்தார்கள். இரு தரப்பும் சரியான விசுவாசத்தவரே என்று சங்கம் அறிவித்தது.

அத்தோடு நிற்கவில்லை. 359-இல் அச்சத்தாலும் நெருக்குதலாலும் ஒப்பமிட்ட ஆயர்கள், நிசேயாவை ஏற்பதாகச் சொன்னால் தங்கள் பணியிலேயே தொடரலாம் என்றும் முடிவு செய்தது. ஆறு ஆண்டு ஒளிந்து வாழ்ந்தவர், தம்மைக் கண்டித்துக் கையெழுத்திட்டவர்களுக்குக் கதவு திறந்தார். மெலீத்தியரை ஒடுக்கிய முப்பத்தைந்து வயது அத்தனாசியார் இதைச் செய்திருப்பாரா என்பது ஐயமே. அறுபதைக் கடந்தவர் செய்தார். சில கடுமையாளர்களுக்கு இந்த இரக்கம் பொறுக்கவில்லை. சர்தீனியத் தீவின் ஆயர் லூசிபர் தம் ஆதரவாளர்களோடு பிரிந்து போனார். அவரும் நிசேயாவுக்காக நாடுகடத்தப்பட்டவர்தாம்.

தமிழ் மண்ணிலும் தப்பறை, பதிதர் என்ற சொற்கள் தாராளமாகப் புழங்கிய காலம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களும் ஒருவரையொருவர் மறுத்து எழுதிய நூல்களைப் புரட்டியவர்களுக்கு அது தெரியும். நீங்கள் குறிப்பது என்ன என்று எதிர்த் தரப்பினரை அழைத்துக் கேட்ட ஓர் அமர்வு அங்கே நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஜூலியனின் கணக்குப் பொய்த்தது. தெய்வங்களின் எதிரி என்று சொல்லி, அந்த ஆண்டின் இறுதிக்குள் அவரை மீண்டும் துரத்தினார். நைல் ஆற்றில் படகில் தப்பிச் செல்கையில், பின்னால் துரத்தி வந்த வீரர்களை நோக்கிப் படகைத் திருப்பச் செய்தாராம்; அத்தனாசியார் எங்கே என்று கேட்டவர்களிடம், அருகில்தான் இருக்கிறார் என்று விடை வந்ததாம்; அவர்கள் வேகமாகத் துடுப்புப் போட்டு அவரைக் கடந்து போனார்களாம். ஐந்தாவது முறை, 365-இல், வாலென்ஸ் பேரரசர் காலத்தில். நகருக்கு வெளியே தம் முன்னோரின் கல்லறையில் சில திங்கள் ஒளிந்திருந்தார் என்கிறது ஒரு வரலாறு. மக்களின் கொந்தளிப்புக்கு அஞ்சிய வாலென்ஸ் அவரை விரைவில் திரும்ப விட்டார்.

367-ஆம் ஆண்டுப் பாஸ்கா விழாவுக்காகத் தம் மக்களுக்கு எழுதிய சுற்றுமடலில் மறைநூல்களின் பட்டியல் ஒன்றை அவர் தந்தார். புதிய ஏற்பாட்டில் இன்று நம் கையில் உள்ள 27 நூல்கள் மட்டுமே, கூடாமலும் குறையாமலும் இடம்பெற்ற மிகப் பழைய பட்டியல் அதுதான். ஊருக்கு ஊர் வெவ்வேறு நூல்கள் இறைவாக்காக உலவிய காலத்தில், எளிய மக்கள் பெயரொற்றுமையால் ஏமாறக் கூடாது என்பது அவர் கவலை. அவருடைய பெயரைத் தாங்கி வழங்கும் விசுவாச அறிக்கையோ அவர் எழுதியதன்று. அது அவருக்குப் பின் இலத்தீன் மொழியில் எழுந்தது. பெயரின் பெருமைக்காக அவர் தலையில் ஏற்றப்பட்டது. ஏற்காதவர் அழிந்துபோவார் என்று அது தொடங்கும் கடுமையைக் கண்டு அத்தனாசியாரை மதிப்பிட்டவர்கள் பலர்.

373 மே மாதத் தொடக்கத்தில் அவர் தம் வீட்டில், தம் படுக்கையில் காலமானார். அவருக்குப் பின் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேதுருவை வாலென்ஸின் படைவீரர்கள் உடனே விரட்டினார்கள். அவரும் ரோமுக்கு ஓடினார். நிசேயாவின் அறிக்கையைக் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் 381-இல் மீண்டும் உறுதிசெய்தபோது அத்தனாசியார் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த முடிவையும் இன்னொரு பேரரசரின் ஆணை தாங்கிப் பிடித்தது. ஆரியுஸின் போதனை பேரரசின் எல்லைக்கு வெளியே கோத்தியரிடமும் வண்டலரிடமும் தொடர்ந்து வாழ்ந்தது. ஸ்பெயினில் ஆண்ட கோத்திய அரசு அதைக் கைவிட்டது 589-இல்.